மீட்டர் கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு

ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் குங்குமம் கரைந்து வந்தது. அதற்கு அடியில் சந்தனம். அது காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஈயப்புகை நாற்றம் தவிர வேறொன்றும் வராத எங்கள் ஷெட்டில், திடீரென்று கோயில் வாசனை அடித்தது.

"இன்னா நைனா, பொட்ட அழிக்கிற? பூஜ போட்டதாச்சே."

பின்னால் மாணிக்கம் அண்ணாத்தே நின்றுகொண்டிருந்தார். குரல் எப்போதும்போல விளையாட்டாகத்தான் இருந்தது. கை மட்டும் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"எல்லா மெஷினையும் பழையபடி ஆக்கச் சொல்லிகிறாங்க அண்ணாத்தே. பொட்டும் அதுல சேத்தி."

"பொட்டு வெச்சா மெஷினு கெட்டா பூடும்?"

நான் மிச்சத்தையும் துடைத்தேன். பொட்டு போன இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு விரற்கடை தள்ளி, கண்ணாடியில் இன்னொரு வட்டம் மங்கலாகத் தெரிந்தது. பல வருஷம் அங்கே ஏதோ ஒட்டியிருந்து, பிறகு சுரண்டி எடுத்த தடம். அம்மைத் தழும்பு மாதிரி.

அந்தத் தடத்தைப் பார்த்ததும், இதிலும் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அலுத்துப் போனது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வரவேண்டும். என்னைப் படிப்பவர்களுக்குத்தான் தெரியுமே, நான் நேர்வழியில் எந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்தவன் இல்லை.

திரும்பி வந்த ரேடியோக்கள்

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ரேடியோ கம்பெனி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நீள மேஜைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒயர்களை ஈயத்தால் பற்றவைப்பார்கள். வரிசையின் கடைசியில் மாணிக்கம் அண்ணாத்தேயின் டெஸ்ட் மேஜை.

அவர் வேலை இதுதான். செய்து முடித்த ரேடியோவுக்குள் ஒரு கருவி சின்னதாக ஒரு சத்தத்தை அனுப்பும். ரேடியோ அதைப் பெருக்கி வெளியே தரும். எவ்வளவு பெருக்கியது என்று மீட்டரின் முள் காட்டும். முள் குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் ரேடியோ பாஸ். தாண்டாவிட்டால், செய்த பெண்ணிடமே திரும்பிப் போகும்.

முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். "எழுப்பிவுட்டுதான் கேக்கணும். தூக்கத்துல சொல்றது பொய்யி" என்பார். டிக் என்று அந்தச் சத்தம் நாள் முழுக்க ஷெட்டில் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் கோடைக்கு முன்னால் கடைகளிலிருந்து ரேடியோக்கள் திரும்ப ஆரம்பித்தன. ஒரு லாரி நிறைய வந்தது. எல்லாவற்றிலும் ஒரே வியாதி. ஸ்டேஷன் கிடைக்கிறது, ஆனால் கொசு முனகுகிற மாதிரிதான் பாடுகிறது. இப்படிப்பட்ட ரேடியோ எப்படிப் பாஸ் ஆனது?

மேனேஜர் ஒரே வரியில் உத்தரவு போட்டார். ஷெட்டில் இருக்கிற ஒவ்வொரு கருவியும், பெட்டியிலிருந்து பிரித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி ஆகவேண்டும். அதற்குப் பிறகும் தப்பான ரேடியோ பாஸ் ஆனால், டெஸ்ட் பண்ணுகிறவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஆகவே அந்த ஒரு வரி என் தலையில் வந்து உட்கார்ந்தது.

முடிச்சும் நகமும்

எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. நசரத்பேட்டையில் அப்பா கழனிக் கூலிக்குப் போனார். நான் பூந்தமல்லியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போனேன். அந்தக் கடையில் செத்துப்போன ரேடியோ ஒன்று பரணில் கிடந்தது. அதைப் பிரித்தேன், சேர்த்தேன், மறுபடி பிரித்தேன். ஒருநாள் அது இருமியது. அந்த இருமல்தான் என் காலேஜ். போன வாரம் இதை நீட்டி முழக்கி எழுதிவிட்டேன், மறுபடி வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கெட்டதைச் சரிசெய்வது எனக்குப் பிடிக்கும். மாற்றியதைப் பழையபடி ஆக்குவது இருக்கிறதே, அது வேறு ஜாதி வேலை. கெட்டது எங்கே கெட்டது என்று கருவியே சொல்லும். மாற்றியதை எதற்கு மாற்றினார்கள் என்று மனிதர்களைத்தான் கேட்கவேண்டும்.

எங்கள் வரிசையில் மாற்றாத கருவியே கிடையாது. கைக்கு வாகாக ஆக்கிக்கொள்வது என்பது அங்கே ஒரு வழக்கம். குமிழ் வழுக்குகிறது என்று சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருப்பார்கள். ஒயர் முனை நழுவுகிறது என்று கொண்டை ஊசியை வளைத்துப் பற்றவைத்திருப்பார்கள். கூரை ஓட்டை வழியாக வெயில் விழுகிறது என்று ஒரு மீட்டருக்கு அட்டையில் முக்காடு போட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க ஒவ்வொருத்தரும் முறைத்தார்கள். முக்காட்டைக் கழற்றியபோது அந்த மேஜைப் பெண், "கட்னவங்களுக்கு ஒரு நிமிசம். அவுக்கறவனுக்கு நகமே பூடும், பாத்துக்கோ" என்றாள். சாபமா, அனுதாபமா தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். சாயங்காலம் சைக்கிள் மிதித்து ஊருக்குப் போகும்போது காலைவிட விரல்கள்தான் வலித்தன.

மாணிக்கம் அண்ணாத்தேயின் மீட்டரைக் கடைசியாக வைத்திருந்தேன். அது என் மேஜைக்கு வந்ததே இல்லை. எப்போது கேட்டாலும் வரிசையே சேர்ந்து, "அது நல்லாதான் கீது, நீ உன் வேலயப் பாரு" என்று அனுப்பிவிடும். நல்ல கருவி போலிருக்கிறது என்று நானும் விட்டிருந்தேன்.

தடித்த முள்

பொட்டைத் துடைத்த பிறகு, அண்ணாத்தே டீ குடிக்கப் போனதும் மீட்டரைத் திறந்தேன்.

உள்ளே முள்ளைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். தலைமுடி பருமன் இருக்கவேண்டிய முள், தீக்குச்சியில் பாதி இருந்தது. அதன்மேல் விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி ஒட்டியிருந்தார்கள். தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது. மோந்து பார்த்தேன். கண் மை.

முன்பக்கம் கனம் கூடினால் முள் சாயும் அல்லவா? அதற்காக வால்பக்கம் ஒரு சொட்டு மெழுகு. தராசில் பொன் நிறுக்கிற சுத்தம். யாரோ பொறுமையாக, ஆசையாகச் செய்த வேலை.

பின்பக்கம் இன்னொன்று இருந்தது. மீட்டர் எவ்வளவு காட்டவேண்டும் என்பதை முடிவுசெய்கிற ஒரு குட்டித் திருகாணி. அதை யாரும் தொடக்கூடாது என்பதற்காக, செய்த கம்பெனியே அரக்கு வைத்து அனுப்பும். அரக்கு உடைந்திருந்தது. திருகாணி ரொம்பவே திரும்பியிருந்தது.

வரிசையில் அண்ணாத்தேக்கு அடுத்த இடம் சரோஜாவுடையது. வாய்க்காரி. அவளைக் கூப்பிட்டேன். திறந்த மீட்டரைப் பார்த்ததும் அந்த வாய் அப்படியே நின்றது.

"யாரு ஒட்னது?"

"ஏண்ணா, கண்ணு தெரியாத மனுசனுக்குக் கண்ணு மையி வெச்சோம். தப்பா?"

கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னாள். அண்ணாத்தேக்குக் கண்ணில் புரை. முதலில் டீ டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்தாராம். அப்புறம் முள் தெரியாமல், கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாராம். கம்பெனிக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெண்டாட்டி. அவர் வேலைக்குப் போகாத அன்றைக்கு அங்கே அடுப்பு இல்லை. அதனால்தான் ஈர்க்கு.

"அவருக்கு இது தெரியுமா?"

"அய்ய, தெரியக்கூடாது! கண்ணு போனது நம்மளுக்குத் தெரியாதுன்னு அவரு நெனச்சிகினுகீறாரு. அப்டியே இருக்கட்டும்."

"முள்ளு தடிச்சிது சரி. கோடு எப்படித் தெரியும்?"

"கோடு இன்னாத்துக்கு? அதான் பொட்டு கீதே! கோட்டு மேலயே பெருசா சாமி பொட்டு. முள்ளு போயி பொட்டுக்குப் பின்னால மறைஞ்சா பாஸு. வருசா வருசம் ஆயுத பூஜைக்கி பழைய பொட்டு மேலயே புதுப் பொட்டு வெப்போம்."

நான் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். அழிந்த பொட்டின் ஈரமும் தெரிந்தது, பக்கத்தில் பழைய தடமும் தெரிந்தது.

சரோஜா அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"போன பூஜைக்கி…" என்று ஆரம்பித்தாள். "பழசு அசிங்கமா அடையாட்டம் கெடந்திச்சுண்ணா. சுரண்டிட்டு, நெத்தி நடுவுல வெச்சாதானே லட்சணம்னு நடுவால வெச்சேன்."

நடுவில். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. கண் தெரிகிற எவருக்கும் அது வெறும் சாமி பொட்டு. அண்ணாத்தே ஒருத்தருக்கு மட்டும் அதுதான் கோடு. போன ஆயுத பூஜையிலிருந்து, முனகுகிற ரேடியோவெல்லாம் பொட்டுக்குப் பின்னால் போய் மறைந்து பாஸ் வாங்கியிருக்கிறது.

"என்னால அவரு வேல பூடுமாண்ணா?" என்றாள்.

எங்க அம்மா ஒன்று சொல்வாள்: "ஊரே சேந்து கட்ன ஊஞ்சலு அறுந்தா, ஒக்காந்தவன்தான் உழுவான்." எனக்கு அது ஞாபகம் வந்தது. சரோஜாவிடம் சொல்லவில்லை.

உடைந்த அரக்கு

அரக்கை உடைத்தது யார் என்பதை நான் தேடிப் போகவில்லை. அதுவே என்னைத் தேடி வந்தது.

சூப்பர்வைசர் ஜெயராமன் என் மேஜைக்கு வந்து, திறந்த மீட்டரின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். முன்பக்கத்து ஈர்க்கை அதற்கப்புறம்தான் பார்த்தார்.

"ஏழுமலை, அந்தச் சீல் வரும்போதே உடைஞ்சுதான் வந்துது. புரியுதா?"

புரிந்தது. ஈர்க்கின் கனத்தில் முள் சோம்பேறியாகியிருக்கிறது. நல்ல ரேடியோவுக்கே அது ஏற மறுத்திருக்கிறது. மாசக் கடைசியில் கணக்குக் காட்டவேண்டிய மனுஷன் இவர். காரணம் தேட நேரமில்லாமல் திருகாணியைத் திருகி முள்ளை ஏற்றிவிட்டிருக்கிறார்.

"பெரியவருக்குக் கண்ணு போச்சு, அதான் காரணம்னு மேனேஜர்கிட்ட சொல்லிடு. விஷயம் முடிஞ்சுது."

நான் வீரன் இல்லை. சண்டை போட்டுப் பழக்கமும் இல்லை. அன்றைக்கு இருந்த அலுப்பில் உட்கார்ந்தபடியேதான் சொன்னேன்.

"கண்ணப் பத்திச் சொன்னா, சீலப் பத்தியும் சொல்லணும் சார். ரெண்டும் ஒரே மீட்டர்ல இருக்கு."

அவர் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மீட்டர் பழசு. முள்ளு சோந்து போச்சு. அவ்வளவுதான்" என்றார்.

"அவ்வளவுதான் சார்" என்றேன் நானும்.

யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யே இல்லை.

மடியில் ஒரு குழந்தை

பழையபடி ஆக்கு என்றால், பழையது எப்படி இருந்தது என்று தெரியவேண்டுமே. அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு தொழிற்சாலையில் இதே மாதிரி மீட்டர், அரக்கு உடையாமல் இருந்தது. அங்கே எனக்குத் தெரிந்த ஆள் ஒருத்தர் உண்டு. கெஞ்சி இரவல் வாங்கினேன். அதிர்ச்சி படக்கூடாது என்பதால் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் எம்பி எம்பி அதைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் வந்தார்.

"இன்னா மாமே, மடியில கொழந்தயா? சத்தமே காணோம்?"

"தூங்குது."

"முழிச்சா சொல்லு, அர டிக்கெட் போடணும்."

பஸ் சிரித்தது. அந்த வாரம் முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வந்து, இரண்டு மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எங்கள் மீட்டரிலிருந்து மெழுகைச் சூடு காட்டி எடுத்தேன். ஈர்க்கைத் தின்னர் தொட்டு ஊறவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். சரோஜா பக்கத்திலேயே நின்றாள். உரித்த ஈர்க்கைத் தூக்கிப் போடாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டுக்கும் ஒரே சத்தத்தை அனுப்பி, திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். இரண்டு முள்ளும் இரட்டை மாடு மாதிரி சேர்ந்து ஏறி, சேர்ந்து நின்றன. அரக்கு என்னிடம் இல்லை. சரோஜா பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து நீட்டினாள். திருகாணிமேல் ஒரு சொட்டு வைத்து ஊதினேன். கடையிலிருந்து திரும்பி வந்த ரேடியோ ஒன்றை மாட்டினேன். முள் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மீட்டர் உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

சந்தோஷப்படவேண்டிய இடம். எனக்கு எங்கேயாவது படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

ஆறரை மணி பஸ்

மறுநாள் மேனேஜர் வந்தார். மீட்டர் பழசு, முள் சோர்ந்துவிட்டது என்ற கதையைக் கேட்டுக்கொண்டார். அரக்கு இருக்கவேண்டிய இடத்தில் நகப்பூச்சைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு, நாங்கள் எல்லோரும் பயந்த வார்த்தையைச் சொன்னார்.

"டெஸ்டர் உட்காரட்டும். என் முன்னால ஒண்ணு பார்க்கட்டும்."

மாணிக்கம் அண்ணாத்தே உட்கார்ந்தார். ரேடியோவை மாட்டினார். அந்தக் கைக்குக் கண் தேவையே இல்லை. கண்ணாடியை நகத்தால் தட்டினார். டிக்.

முள் ஏறி நின்றது. தலைமுடி பருமன் முள்.

வரிசை முழுக்க வேலை நின்றது. பற்றவைக்கிற கோல்கள் மட்டும் புகைந்துகொண்டிருந்தன.

"எதுல நிக்குது?" என்றார் மேனேஜர்.

அண்ணாத்தே குனியவில்லை. நேராகவே உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று சரோஜா எதிர் மேஜைப் பெண்ணிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்: "ஏய், ஆறு மணி பஸ்ஸு இன்னிக்கி வருமாடீ?"

எதிர் மேஜைக்காரி எட்டி மீட்டரைப் பார்த்தாள். "ஆறு இல்லக்கா, ஆறர! ஆறர பஸ்ஸு!"

அண்ணாத்தே சிரித்தார். உள்ளேயிருந்து குலுங்கிக் குலுங்கி வந்த சிரிப்பு.

"பஸ்ஸு வரும்போது வரட்டும்மே. நீ கம்னு இரு" என்றார். பிறகு மேனேஜர் நின்ற பக்கம் திரும்பினார்.

"முள்ளு ரொம்ப மெல்லிசா கீது சார். எனக்குத் தெரில. இவுனுங்க நல்லா செஞ்சிகிறானுங்க. மெஷினுல தப்பு கெடையாது."

 மேனேஜர் ஜெயராமனைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஜெயராமன் கர்சீப்பை எடுத்தார், மடித்தார், மறுபடி வைத்தார்.

"பேக்கிங்ல ஆள் பத்தல சார்" என்றார். "அனுபவஸ்தரா ஒருத்தர் வேணும்னு நானே கேக்க இருந்தேன்."

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணாத்தே எழுந்து, தன் ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தார். அது சரியாக உள்ளே போனதா என்று முழங்காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கீரைத்தண்டு

சாயங்காலம் கேட்டில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, அவர் கூடவே நடந்தார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "ஈர்க்கு விஷயம்…" என்று இழுத்தேன்.

"ஒட்ன அன்னிக்கே தெரியும் நைனா. இத்தினி வருசமா பாக்கற முள்ளு. ராத்திரியோட ராத்திரியா ஒடம்பு வெச்சிகினு வந்து நிக்கிது. கீரத்தண்டு துன்னுச்சா அது?"

"அப்ப ஏன் சொல்லல?"

"புள்ளைங்க ஆசயா செஞ்சிகிதுங்க. எனக்குத் தெரியும்னு சொல்லி, அதுங்க மூஞ்ச நான் எப்டிப் பாக்கறது?"

 எதிரே லாரி வந்தது. நான் அவர் தோளைத் தொட்டு ஓரமாக இழுத்தேன். அவர் இழுபட்டார்.

"பொட்டு நவுந்துச்சு பாரு, அதான் எனக்குத் தெரியாமப் பூட்ச்சு. சாமி பொட்டாச்சே, அது எங்க போவப்போதுன்னு இருந்துட்டேன். அந்த ரேடியோல்லாம் எவனோ ஆசயா வாங்கிகினு போயிருப்பான் இல்ல?"

 

அடுத்த பூஜை

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவிவிட்டோம். மாவிலை, பொரி, பூசணிக்காய், எல்லாம் வழக்கம்போல. கருவிகளின் கண்ணாடியில் எதுவும் வைக்கக்கூடாது என்று ஜெயராமன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சரோஜா சந்தனக் கிண்ணத்தோடு மேஜை மேஜையாக வந்தாள். ஒவ்வொரு கருவிக்கும் பெட்டியின் பக்கவாட்டில், முள்ளுக்கும் எண்ணுக்கும் சம்பந்தமில்லாத இடமாகப் பார்த்துப் பொட்டு வைத்தாள்.

பேக்கிங்கிலிருந்து மாணிக்கம் அண்ணாத்தே வந்தார். கையில் அட்டைப்பெட்டிப் பசை ஒட்டியிருந்தது. நேராக அந்த மீட்டரிடம் போய், கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"பொட்டு எங்கம்மே?"

சரோஜா அவர் விரலைப் பிடித்து, பெட்டியின் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தாள். சந்தனம் இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியதை அவர் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். நடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளி. யாரும் சொல்லவில்லை.

போவதற்கு முன்னால் கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். டிக்.

முள் ஒரு நடுக்கம் நடுங்கி, பூஜ்யத்தில் போய் நின்றது.